செட்டில்

முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணியின் கையில் நாற்பத்தேழாம் டோக்கன். இன்னும் பதினாறு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றால் எண்பது, அதில் பாதிப் பேர் கவுன்டரில் போய் நின்ற பிறகுதான் பையைக் குடைவார்கள், ஆதார் எங்கே, பாஸ்புக் எங்கே என்று, அதற்கொரு இருபது, ஆக நூறு. நூறு நிமிஷம் இந்த இரும்பு நாற்காலியில். மூன்று நாற்காலியை ஒரே கம்பியில் கோத்து வைத்திருக்கிறான், ஒரு கோடியில் எவனாவது காலை ஆட்டினால் மறு கோடியில் இவருக்கு இடுப்பு வலிக்கிறது. முப்பத்து மூன்று வருஷம் ரயில்வே கேட்டில் இருந்து ஊரைக் காக்க வைத்தவர் அவர். லாரி, பஸ், பெண்ணழைப்புக் கார், பிணம் ஏற்றிய வேன், எல்லாம் அவர் இறக்கிய கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று உறுமியிருக்கிறது. "யோவ், ரயிலையே காணோம், தொறய்யா" என்பான்கள். ரயில் தாண்டாமல் திறக்க முடியாது என்பதை எத்தனை பேருக்குச் சொல்வது, சொன்னதே இல்லை, ஸ்டூலில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்ப்பார். அந்தக் கடனெல்லாம் சேர்த்து இன்றைக்கு வசூலிக்கிறான்கள் போல. முப்பத்தொன்று இன்னும் முப்பத்தொன்றாகவே நின்றது. கவுன்டரில் ஒரு கிழவி கட்டைவிரலை மிஷினில் வைத்து வைத்து எடுத்தாள், ரேகை தேய்ந்து போயிருக்கும், மிஷின் அவளை இன்னார் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றது.

மடியில் ஒரு தாள். கால் மணி நேரத்துக்கு முன்னால் அது கிடையாது. வரும்போது அவருக்கு ஒரே வேலைதான் இருந்தது, மகள் சுகந்தியின் படிப்புக் கடனை முழுசாகக் கட்டுவது, கணக்கு முடிந்தது என்று ஒரு கடிதம் வாங்குவது, பதினொன்றரை பஸ்ஸைப் பிடிப்பது. ஐந்து லட்சத்து எண்பத்தாறாயிரத்துச் சொச்சம். ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தைப் போட்டு வைத்திருந்த டெபாசிட்டைப் போன வாரம் உடைத்து இதே வங்கியில் சேமிப்புக் கணக்கில் வைத்தாகிவிட்டது. அப்போதுதான் அந்தப் பையன் வந்தான், கழுத்தில் அட்டை தொங்குகிற கடன் பிரிவு அதிகாரி, மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி இருந்தான். "ஐயா, கல்விக் கடனா? நல்ல நாள் பாத்து வந்திருக்கீங்க. இன்னிக்கு முகாம்" என்றான். "என்ன முகாம்?" "சமரசத் தீர்வு முகாம். வாராக் கடன்ல போனதுக்கெல்லாம் சலுகை. உங்க கணக்குக்கு..." என்று கையில் இருந்த பட்டியலில் விரலை ஓட்டி, "மூணு லட்சத்துப் பத்தாயிரம் கட்டினாப் போதும். மிச்சம் தள்ளுபடி. இதுல கையெழுத்துப் போட்டு உங்க டோக்கன் வர்றப்ப குடுங்க. இன்னிக்கு மட்டும்தான்" என்று தாளை நீட்டிவிட்டுப் போய்விட்டான். தள்ளுபடி. அந்த வார்த்தையை அவன் ஏதோ டீக்கடையில் சர்க்கரை கம்மி என்பது மாதிரிச் சொன்னான். எட்டு வருஷம், தம்பி. எட்டு வருஷம் அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வீடே உட்கார்ந்திருந்தது.

வந்துவிட்டது பார், என்றுதான் முதலில் தோன்றியது. சொன்னேனா இல்லையா. ஒரு சின்னச் சந்தோஷம், சட்டைப் பைக்குள் யாரோ காசு போட்டமாதிரி, அதுவும் நிற்கவில்லை, உடனே அலுப்பு வந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அது தேர்தல் நேரம். எங்கே பார்த்தாலும் அதே பேச்சு, இவர்கள் வந்தால் தள்ளுபடி, அவர்கள் வந்தால் தள்ளுபடி, யார் வந்தாலும் தள்ளுபடி. டிராக்மேன் ஞானமுத்து கேட்டுக்கு வந்து ஸ்டூலில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து, "சிகாமணி, உம் பொண்ணு கட்டுதா?" என்றான். "கட்டுது. மூணு மாசமாக் கட்டுது." "கேணையா நீ? கட்டுனவனுக்கு என்னத்தத் தள்ளுபடி பண்ணுவான்? கட்டாம வச்சிருக்கிறவனுக்குத்தான்டா தள்ளுபடி. கட்டுனது போச்சு, இனிமே ஒத்தப் பைசா கட்டாதன்னு சொல்லு." சரியாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால் இன்றைக்கும் அதில் ஓட்டை தெரியவில்லை, அதுதான் சங்கடம். அன்றைக்கு சாயங்காலம் பாசஞ்சரை அனுப்பிவிட்டு, கேபினில் நின்றபடி சென்னைக்குப் போன் போட்டார். சுகந்தி ஒன்பதாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு கம்பெனியில் இருந்தாள், எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அங்கே யாருக்கோ போனில் பதில் சொல்கிற வேலை. "கட்டாத" என்றார். "ஏம்ப்பா?" "தள்ளுபடி வருது." "மாசா மாசம் அஞ்சாம் தேதி அவங்களே புடிச்சுக்கறாங்கப்பா." "அப்ப நாலாந்தேதியே தொடச்சு எடுத்துரு. கணக்குல எதுவும் வைக்காத." "சரிப்பா" என்றாள்.

முப்பத்து மூன்று. முப்பத்திரண்டு எப்போது போயிற்று? கிழவியைக் காணோம், ரேகையை ஒப்புக்கொண்டதா, துரத்திவிட்டதா தெரியவில்லை. நாலாந்தேதி. மாசா மாசம் நாலாந்தேதி வேலை முடிந்து அந்தப் பெண் ஏடிஎம் வாசலில் நின்றிருக்கும், திருடன் மாதிரி, தன் பணத்தையே. எடுத்ததை எங்கே வைப்பது, ஹாஸ்டல் அறையில் ஒரு பால்பவுடர் டப்பாவில். ஒரு தடவை அதிலிருந்து ஆறாயிரம் போய்விட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், செந்தாமரை இரண்டு வருஷம் கழித்து வெங்காயம் உரிக்கும்போது, "அப்ப ஒரு மாசம் புள்ள ஒருவேளைதான் சாப்பிட்டுதாம்" என்றாள். வெங்காயத்தால்தான் கண்ணைத் துடைக்கிறாளா என்று பார்த்துவிட்டு இவர் எழுந்து வெளியே போய்விட்டார். வங்கியிலிருந்து போன் வரும், ஒரு பொம்பளைக் குரல், "சார் வணக்கம், கல்விக் கடன் தொடர்பா..." உடனே இவர், "கேட் மூடணும், வைக்கிறேன்." அது பழகிப்போய், ரிட்டயர் ஆகி வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போதும், "கேட் மூடணும், வைக்கிறேன்." செந்தாமரை சிரித்தாள். "எந்த கேட்டு? பின்வாசல் கேட்டா?" என்றாள். அவள் சிரிப்பது குறைந்துவிட்டது, அந்தக் காலத்தில் நன்றாகச் சிரிப்பாள்.

தள்ளுபடி இந்தா வருது, அந்தா வருது. பேப்பரில் அந்த வார்த்தை எங்கே தெரிந்தாலும் கண்ணாடியைத் தேடுவார். விவசாயக் கடன் என்று இருக்கும், நகைக் கடன் என்று இருக்கும், ஒரு தடவை ஜவுளிக்கடை விளம்பரம், ஆடித் தள்ளுபடி. ஞானமுத்துவைக் கேட்டால், "வரும் வரும். மேல பேசிக்கிட்டிருக்காங்க" என்பான், மேலே என்றால் யாரிடம் என்று சொல்ல மாட்டான். அப்புறம் ஒருநாள் அவன் மகன் சிங்கப்பூர் போகிறதுக்கு விருந்து வைத்தான், அந்தப் பந்தியில்தான் மகனே சொன்னான், "எம் படிப்பு லோனை எங்க அப்பா ரெண்டாவது வருஷமே அடைச்சுட்டாருங்க மாமா, இல்லாட்டி சிக்கல் ஆயிருக்கும்." இலையை மூடிவிட்டு எழுந்தார். கை கழுவுகிற இடத்தில் ஞானமுத்துவைப் பிடித்து, "ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டதற்கு, "நீ கேக்கலியே" என்றான் பாவி, முகத்தில் சோப்பு நுரையோடு. அவனைக் கோபித்து என்ன ஆகிறது. அவன் சொன்னான், இவர் கேட்டார், போன் போட்டது இவர். அந்த இடம் வரும்போதெல்லாம் மனசு தண்டவாளத்தை மாற்றிக்கொள்கிறது, உடனே வேறு ஏதாவது நினைவுக்கு வருகிறது, முட்டிவலி, பஸ் நேரம், எதிர்ச்சுவரில் பட்டமளிப்புத் தொப்பி போட்டுச் சிரிக்கிற இந்தப் பெண்ணின் படம். உங்கள் கனவு, எங்கள் கடன். கடமை என்று இருக்கிறது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டால் தெரிகிறது.

பக்கத்து நாற்காலிக்காரி காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அம்மா, கால கொஞ்சம் சும்மா வையி" என்றார். அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, மடியில் மஞ்சள் பையை இழுத்து வைத்துக்கொண்டு, "அடகு நகைய மீட்கறதுக்கு வந்தேங்கய்யா, மூணாவது தடவ. நீங்க?" என்றாள். "லோன்." "தள்ளுபடித் தாளா அது? குடுத்து வச்சவரு. எங்க தெருவுல நாலு பேருக்கு நகைக் கடன் தள்ளுபடி ஆச்சு அப்ப. நான் ஒருத்திதான் கேணச்சி மாதிரி அதுக்கு முந்தின மாசம் வட்டிக்கு வாங்கி ஒழுங்காத் திருப்பிட்டேன். இன்னிக்கு வரைக்கும் எங்க வூட்டுக்காரரு சொல்லிக் காட்டுறாரு. ஒழுங்கா இருந்தா இதான் கதி." அவர் ம் என்றார். "எவ்ளோ கொறையுதுங்கய்யா?" "ரெண்டு லட்சத்து எழுபத்தாறு." "ஆத்தாடி" என்று அவள் தாளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு லட்சத்து எழுபத்தாறாயிரம். சென்ட்ரிங் அடித்துக் கூரை போட அவ்வளவுதான் கேட்டான் மேஸ்திரி. குவார்ட்டர்ஸைக் காலி செய்த வருஷம் ஆரம்பித்த வீடு, சுவர் எழும்பி, ஜன்னல் வைத்து, அத்தோடு நின்றது. மேலே தகரம். மழை பெய்தால் பேச முடியாது, டிவி கேட்காது, ராத்திரி முழுக்க யாரோ தலைமேல் கல் கொட்டுகிற மாதிரி. பணத்தைக் கடனுக்குக் கட்டப்போகிறேன் என்றபோது செந்தாமரை தகரத்தை அண்ணாந்து ஒருதரம் பார்த்தாள், "கட்டிருங்க" என்றாள். அவ்வளவுதான். இப்போது அதே பணத்தில் பாதி திரும்பி வருகிறது. கையெழுத்துப் போட்டால் கூரை, மகளுக்குக் கடிதம், இரண்டும். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே, "தள்ளுபடி வாங்கிட்டேன்" என்று சொல்லலாம். எட்டு வருஷம் கழித்தாவது ஒரு தடவை, சொன்னது நடந்தது என்று. பேனாவுக்குச் சட்டைப் பையைத் தொட்டார். பேனாவை எடுக்கவில்லை, போனை எடுத்தார். சுகந்தி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் நேரம்தான்.

"அப்பா, முடிஞ்சிருச்சா?" என்றாள் சுகந்தி. பின்னால் பிள்ளைகள் இரைச்சல். சென்னைக் கம்பெனியை மூடியதிலிருந்து ஏழாயிரத்துக்கு அந்தப் பள்ளிக்கூடம்தான், ராத்திரியெல்லாம் பரீட்சைக்குப் படித்துப் படித்து, முப்பத்தொரு வயதில், வயசு வரம்பு முடிகிற வருஷம், வேறொரு வங்கியில் கிளார்க் வேலை கிடைத்திருக்கிறது. கடன் பாக்கி இருக்கிறதே என்று அங்கே ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், முப்பதாம் தேதிக்குள் பாக்கியில்லை என்று கடிதம் வரவேண்டும். "தள்ளுபடி குடுக்கறான்" என்றார் இவர். குரலில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "மூணு பத்து கட்டினாப் போதுமாம்." இரைச்சல் தள்ளிப் போயிற்று, வெளியே வந்துவிட்டாள் போல. அப்புறம், "தாள்ல மேல என்ன போட்டிருக்குப்பா?" என்றாள். "சமரசத் தீர்வு. அந்தப் பையன் செட்டில்மென்ட்டுன்னான்." "அப்பா, அது வேணாம்ப்பா." "ஏன்? செட்டில்தானே?" "அதில்லப்பா. முழுசாக் கட்டுனா க்ளோஸ்டுன்னு போடுவாங்க. இப்படிக் கட்டுனா செட்டில்டுன்னு போடுவாங்க. அப்படின்னா இவ முழுசாக் கட்டல, பேங்க்காரங்க பாவம் பாத்து விட்டுட்டாங்கன்னு அர்த்தம். அது பல வருஷத்துக்கு எம் பேர்ல அப்படியே நிக்குமாம். நான் சேரப்போற எடத்துல கேட்டுட்டேன். செட்டில்டுன்னு இருந்தா எடுப்பாங்களான்னு." "என்ன சொன்னாங்க?" "மேல கேட்டுத்தான் சொல்லணும்னாங்க." "அப்ப முடியாதுன்னு சொல்லல." "சொல்லலப்பா." மணி அடித்தது. "கிளாசுக்குப் போகணும்ப்பா. பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டலாம் அவள். திட்டினால் பதிலுக்குக் கத்தலாம், கத்தியதும் ஏதாவது ஒன்று முடியும். திட்டவே மாட்டாள்.

செட்டில். என்ன வார்த்தை இது. கல்யாண மண்டபத்தில் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்பான்கள், "பொண்ணு செட்டில் ஆயிட்டாளா?" பையன் செட்டில், மருமகன் துபாயில் செட்டில், சின்னவனும் செட்டில் ஆகிவிட்டால் எனக்குக் கவலையில்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து அவர் இரண்டு வருஷமாகக் கல்யாணத்துக்கே போவதில்லை, மொய்யை ஆள் கொடுத்தனுப்புகிறார். இங்கே என்னடாவென்றால் செட்டில் என்றால் கறை. அவர் அகராதியில் அது கரையேறுவது, இவன்கள் கம்ப்யூட்டரில் அது பிச்சை. யார் வைத்தார்கள் இப்படி? முப்பத்தொன்பது. எண்கள் இப்போது விழுந்தடித்துக்கொண்டு ஓடின, முப்பத்தெட்டுக்காரன் எழுந்து போயேவிட்டான். மேலே கேட்டுச் சொல்வார்கள். எடுத்துக்கொள்வார்கள். ஒரு கிளார்க் வேலைக்கு அதெல்லாம் பார்க்கமாட்டான்கள், ஆளைப் பார்த்தால் தெரியாதா, எவ்வளவு அடக்கமான பெண். கடிதம்தானே கேட்டார்கள், இதற்கும் கடிதம் கொடுக்கத்தானே போகிறான். எடுத்துப்பாங்க. நாற்பது. கூரைக்குக் கூரை ஆச்சு. முடியாதுன்னு சொல்லலியே, சொல்லியிருந்தால் வேறே. எடுத்துப்பாங்க, எடுத்துப்பாங்க என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்ததைத் திடீரென்று காது கொடுத்துக் கேட்டார், எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. வரும் வரும் என்று எட்டு வருஷம் சொன்ன அதே குரல். அதே அவசரம், அதே இழுப்பு. ஞானமுத்து குரல் இல்லை, அவனுடையது கீச்சுக்குரல். இது தன் குரல்தான்.

தாளை மடியில் கவிழ்த்து வைத்தார். கோபம்கூட இல்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது, இங்கே ஃபேன் ஓடுகிற சத்தம்தான் அது. அதற்குக் கீழே செந்தாமரை படுத்திருப்பாள், இந்த ஐப்பசிக்கும், அடுத்ததற்கும். அவளிடம் என்ன சொல்வது, பாதி திரும்பி வந்தது, நான்தான் வேண்டாம் என்று விட்டேன் என்றா? கட்டிருங்க என்று சொன்னவளுக்கு அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பக்கத்துக்காரியின் எண் வந்தது, மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு, "வாரேங்கய்யா, கையெழுத்துப் போட மறந்துராதீங்க" என்று போனாள். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. ஒன்றும் யோசிக்காமல் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தேழு வந்தபோது எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று, முட்டி பிடித்துக்கொண்டது, செக்யூரிட்டி வந்து தோளைத் தொட்டான்.

"கையெழுத்துப் போட்டாச்சுங்களா?" என்றான் மீசைப் பையன். "வேணாம்" என்றார். "எது?" "சலுகை. முழுசா எடுத்துக்க. கணக்குல இருக்கு. கணக்கு முடிஞ்சதுன்னு லெட்டர் எப்ப?" பையன் திரையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "ஐயா, ரெண்டே முக்கால் லட்சம். சும்மா விடுறீங்க. வீட்ல கேட்டீங்களா?" "லெட்டர் எப்ப?" "வியாழக்கிழமை குடுத்துடலாம். இருபத்தேழு." கையை எடுத்துத் தலையைச் சொறிந்துவிட்டு, தாளின் அடியில் இருந்த ஒரு கட்டத்தைக் காட்டினான். "அப்ப இதுல ஒரு வரி எழுதிக் குடுங்க. தகுதி இருந்தும் ஏன் எடுத்துக்கலன்னு மேல என்னக் கேப்பாங்க." காரணம், என்று போட்டு ஒரு கட்டம், தபால் அட்டையில் பாதி அளவு. கவுன்டரில் நூல் கட்டிய பேனா, நூல் எட்டவில்லை, இழுத்துக் குனிந்து எழுதினார். யோசித்தெல்லாம் எழுதவில்லை. கட்டாதே என்று சொன்னது நான். கீழே கையெழுத்து, தெய்வசிகாமணி, கேட்மேன், ஓய்வு.

பையன் தாளைத் திருப்பிப் படித்தான். "ஐயா, இதெல்லாம் எதுக்கு? விருப்பமில்லைன்னு எழுதினாப் போதும்ங்க." "எழுதுனது இருக்கட்டும். சீலப் போடு." "இல்ல, ஃபைல்ல..." "போடுப்பா. பின்னாடி ஆளு நிக்குது." சீல் விழுந்தது. ஐந்து எண்பத்தாறு போய், பாஸ்புக்கில் கீழே ஒரு சின்னத் தொகை நின்றது, அதை அவர் படிக்கவில்லை. "அந்தத் தாளுக்கு ஒரு நகல் குடு" என்றார். "இது ஆபீஸ் காப்பிங்கய்யா. உங்களுக்கு எதுக்கு?" "எம் வீட்டுக்காரி படிக்கணும்." பையன் தாளை அவர் பக்கம் தள்ளினான். "எங்க மிஷின் ரிப்பேர். எதிர்க்கடையில எடுத்துட்டு உடனே கொண்டாந்துருங்க, சரியா?"

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பதினொன்றரை பஸ் எப்போதோ போயிருக்கும். பைக்கில் வந்த ஒருவன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான், இவர் தாளை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். கடைப் பெண் தாளை வாங்கிக் கண்ணாடியில் கவிழ்த்தாள். கவிழ்க்குமுன் பார்த்தாளா என்று தெரியவில்லை. "எத்தனைங்கய்யா?" "ஒண்ணு." வெளிச்சம் ஒருதரம் அடியில் ஓடியது. வந்த தாளைத் தூக்கிப் பார்த்து, "எழுத்து ரொம்ப லைட்டா இருக்கு, பேனா சரியில்ல போல. கொஞ்சம் டார்க்கா வச்சு இன்னொண்ணு எடுக்கட்டுமா?" என்றாள்.

"எடு. நல்லாத் தெரியணும்."